ஒரே வீட்டில் வெவ்வேறு பெற்றோர்: பிறப்பு வரிசையும் குடும்பத்தின் அளவும்

மூத்த பிள்ளை பொறுப்பானது, நடுப்பிள்ளை யாரும் கண்டுகொள்ளாதது, கடைக்குட்டி செல்லம், ஒற்றைப் பிள்ளை பிடிவாதம். இந்தப் பட்டியல் ஏறக்குறைய எல்லோர் மனத்திலும் இருக்கிறது. 'மூத்தது மோழை, இளையது காளை' என்று பழமொழியே உண்டு. ஒருவர் எத்தனையாவது பிள்ளை என்று தெரிந்துவிட்டால் அவருடைய குணத்தில் பாதி தெரிந்துவிட்டது என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆய்வுகளைத் தொடர்ந்து படித்தால் அந்த நம்பிக்கை மெல்லக் கரைந்துபோகும். பிறந்த வரிசையை வைத்து ஒருவருடைய குணத்தைச் சொல்லிவிட முடியாது. அவருக்கு எப்படிப்பட்ட பெற்றோர் வாய்த்தார்கள், அவர்களுடைய நேரமும் கண்டிப்பும் பதற்றமும் எவ்வளவு அவர் பங்குக்கு வந்தன என்பதைப் பற்றித்தான் அந்த வரிசை நிறையச் சொல்கிறது. ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த மூன்று பிள்ளைகள் மூன்று விதமான பெற்றோரிடம் வளர்கிறார்கள். இந்தத் துறையில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

குணத்தைப் பற்றிய கேள்வி எப்படித் தொடங்கியது

1874-இல் ஃபிரான்சிஸ் கால்ட்டன் இங்கிலாந்தின் புகழ்பெற்ற அறிவியலாளர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட அவர்களில் மூத்த பிள்ளைகள் அதிகம் என்பது அவர் கண்ணில் பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவின் உளவியலாளர் ஆல்ஃபிரட் ஆட்லர் இந்த எண்ணத்தை ஒரு கோட்பாடாகவே வளர்த்தெடுத்தார். தம்பியோ தங்கையோ பிறக்கும்போது மூத்த குழந்தை அரியணையிலிருந்து இறக்கப்பட்டதுபோல் உணர்கிறது என்றார். இரண்டாவது குழந்தை எப்போதும் முன்னால் ஓடுகிறவரைப் பிடிக்கப் பார்க்கிறது, கடைசிக் குழந்தையை யாரும் கீழே இறக்குவதில்லை என்பதெல்லாம் அவர் சொன்னவைதான். ஆட்லரே வீட்டில் இரண்டாவது பிள்ளை.

ஆனால் பிறந்த எண்ணைவிட, அந்தக் குழந்தை எந்தச் சூழலுக்குள் வந்து பிறக்கிறது என்பதே முக்கியம் என்றும் ஆட்லர் எழுதியிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் அதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு நூற்றுக்கணக்கான ஆய்வுகள் வந்தன. அவற்றில் பலவும் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தன. ஐந்தாவது பிள்ளைகளை ஒரு பக்கமும் முதல் பிள்ளைகளை மறுபக்கமும் நிறுத்தி ஒப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். முதல் பிள்ளை எல்லாக் குடும்பங்களிலும் இருக்கும். ஐந்தாவது பிள்ளை குறைந்தது ஐந்து பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் மட்டுமே இருக்கும். பெரிய குடும்பங்கள் வருமானம், பெற்றோரின் படிப்பு, அம்மாவின் வயது என்று பலவற்றிலும் சிறிய குடும்பங்களிலிருந்து வேறுபடுகின்றன. ஐந்தாவது பிள்ளை படிப்பில் பின்தங்கினால் காரணம் அதன் வரிசையா, அந்தக் குடும்பத்தின் நிலையா என்று இந்த ஒப்பீட்டால் சொல்ல முடியாது. 1983-இல் செசில் எர்ன்ஸ்ட், யூல்ஸ் ஆங்ஸ்ட் என்ற இரு சுவிஸ் ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, குணத்தில் காணப்பட்ட வேறுபாடுகளில் பெரும்பாலானவை இத்தகைய கோளாறுகளால் வந்தவை என்று காட்டினார்கள்.

வீட்டுக்குள் நாம் செய்யும் ஒப்பீட்டிலும் இதுபோல ஒரு கோளாறு உண்டு. பன்னிரண்டு வயது அக்காவையும் ஏழு வயது தம்பியையும் பக்கத்தில் நிறுத்தினால் அக்கா பொறுப்பானவளாகத்தான் தெரிவாள். அவள் ஐந்து வயது பெரியவள். ஏழு வயதில் அவள் எப்படி இருந்தாள் என்பது யாருக்கும் சரியாக நினைவிருக்காது.

2015-இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்று அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைப் பார்த்தது. மற்றொன்று அமெரிக்காவின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சுமார் 3,77,000 பேரை எடுத்துக்கொண்டது. பொறுப்புணர்ச்சி, கலகலப்பு, இணங்கிப் போகும் தன்மை, மனநிதானம் ஆகியவற்றில் பிறப்பு வரிசையின் தாக்கம் இல்லவே இல்லை அல்லது புறக்கணிக்கத்தக்க அளவு சிறியது என்ற முடிவுக்கே இரண்டும் வந்தன. நுண்ணறிவுச் சோதனையில் மட்டும் மூத்தவர்கள் மிகச் சிறிய அளவில் முன்னால் இருந்தார்கள். ஓரிரு மதிப்பெண் வித்தியாசம். தனி ஒருவரைப் பார்த்து எதையும் ஊகிக்க அது போதாது.

அந்தச் சிறிய வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? நார்வேயில் ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களின் நுண்ணறிவுச் சோதனை முடிவுகளை வைத்து 2007-இல் ஒரு விடை கிடைத்தது. இரண்டாவதாகப் பிறந்து, மூத்த குழந்தை சிசுவிலேயே இறந்துவிட்டதால் வீட்டில் மூத்தவராக வளர்ந்தவர்களை ஆய்வாளர்கள் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அவர்களுடைய மதிப்பெண் முதலாவதாகப் பிறந்தவர்களுடைய மதிப்பெண்ணை ஒத்திருந்தது. அப்படியானால் இதற்குக் காரணம் கருவறை அல்ல. பிறந்த பிறகு வீட்டுக்குள் நடக்கும் ஏதோ ஒன்றுதான்.

நேரக் கணக்கு

வீட்டுக்குள் நடப்பது என்ன என்று தேடும்போது முதலில் கிடைப்பது நேரம். 2008-இல் ஜோசஃப் பிரைஸ் என்ற பொருளாதார ஆய்வாளர் அமெரிக்கப் பெற்றோர்களின் அன்றாட நேரப் பதிவுகளை எடுத்துக்கொண்டார். குழந்தைக்குப் படித்துக் காட்டுவது, கூடி விளையாடுவது, உட்கார்ந்து பேசுவது போன்றவற்றுக்குச் செலவான நேரத்தை மட்டும் கணக்கிட்டார். ஒரே மாதிரியான குடும்பங்களில் ஒரே வயதில், இரண்டாவது பிள்ளையைவிட முதல் பிள்ளைக்கு நாள்தோறும் 20 முதல் 30 நிமிடம் அதிகமாகக் கிடைத்திருந்தது.

இதைக் கேட்டவுடன் பெற்றோர் பலருக்கு மனம் வலிக்கும். 'நாங்கள் இருவரையும் ஒரே மாதிரிதான் பார்த்துக்கொண்டோம்' என்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மை. அந்தப் பதிவுகளிலேயே, எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும் பெற்றோர் இரு பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய சமமாகத்தான் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். வித்தியாசம் வேறு வழியில் நுழைகிறது. மூத்த பிள்ளை வளர வளர, பெற்றோர் குழந்தைகளோடு செலவிடும் மொத்த நேரமே குறைந்துகொண்டு வருகிறது. மூத்தவளுக்கு நான்கு வயதாகும்போது அந்தக் குடும்பத்தில் கதை படிக்கும் நேரம் அதிகம். இளையவனுக்கு நான்கு வயதாகும்போது மூத்தவளுக்கு ஏழு அல்லது எட்டு. வீட்டின் தாளமே மாறியிருக்கும். அன்றைய நேரத்தைச் சமமாகப் பிரித்தாலும், நான்கு வயதுக்கு உரிய பங்கு இளையவனுக்கு முழுமையாகக் கிடைக்காது. யாரும் ஓரவஞ்சனை செய்யவில்லை. ஆனாலும் பங்கு குறைந்துவிட்டது.

நடுப்பிள்ளையின் நிலையும் இந்தக் கணக்கில்தான் தெளிவாகிறது. 2002-இல் ரால்ஃப் ஹெர்ட்விக்கும் அவருடைய கூட்டாளிகளும் இதை விளக்கி எழுதினார்கள். மூன்று ஆண்டு இடைவெளியில் மூன்று பிள்ளைகள், ஒவ்வொருவரும் பதினெட்டு வயது வரை வீட்டில் இருக்கிறார்கள் என்று நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஆண்டில் பெற்றோர் தரக்கூடிய கவனத்தை ஒரு பங்கு என்று கொண்டு, வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அதைச் சமமாகப் பிரித்துக்கொண்டே வருவோம். மூத்தவருக்கு முதல் மூன்று ஆண்டுகள் முழுப் பங்கு, அடுத்த மூன்றில் பாதி, பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் மூன்றில் ஒரு பகுதி. மொத்தம் எட்டரைப் பங்கு. கடைசிப் பிள்ளைக்கு, மற்ற இருவரும் வீட்டைவிட்டுப் போன பிறகு கடைசி மூன்று ஆண்டுகள் முழுமையாகக் கிடைப்பதால் அதற்கும் எட்டரை. நடுப்பிள்ளைக்கு ஏழுதான். அது வீட்டில் தனியாக இருந்த நாளே கிடையாது.

ஒவ்வொரு நாளும் நேர்மையாக நடந்துகொண்ட பெற்றோரிடமே இந்த ஏற்றத்தாழ்வு உருவாகிவிடுகிறது என்பதுதான் இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. 'என்னைக் கண்டுகொள்ளவில்லை' என்று நடுப்பிள்ளை சொல்லும்போது அது பொய்யும் இல்லை, பெற்றோர் மீதான பழியும் இல்லை. கடைசிப் பிள்ளைக்குக் கிடைக்கும் முழுப் பங்கும் பதினைந்து வயதுக்கு மேல் வருவது; மூத்ததற்குக் கிடைத்ததோ பால்குடிப் பருவத்தில். அளவு ஒன்றானாலும் இரண்டும் ஒன்றல்ல.

இரண்டாவது குழந்தை வரும்போது

இந்தக் கட்டத்தை மிக அருகிலிருந்து பார்த்தவர்கள் ஜூடி டன்னும் கேரல் கெண்ட்ரிக்கும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நாற்பது குடும்பங்களின் வீடுகளுக்கே போய் அவர்கள் கவனித்து எழுதியவை 1982-இல் நூலாக வந்தன. தம்பி தங்கை பிறந்த பிறகு, அம்மாவே வலிய வந்து மூத்த குழந்தையோடு விளையாட்டைத் தொடங்குவது குறைந்தது. 'தொடாதே', 'சத்தம் போடாதே' என்று தடுப்பது கூடியது. மூத்த குழந்தையின் அழுகையும் அடமும் பெருமளவுக்கு இந்த மாற்றத்துக்கான பதில்தான்.

அவர்கள் கண்ட இன்னொன்றை எல்லாப் புதிய பெற்றோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். பிறந்த சில வாரங்களிலேயே, கைக்குழந்தையையும் விருப்பு வெறுப்பு உள்ள ஓர் ஆளாக வைத்துச் சில அம்மாக்கள் மூத்த குழந்தையிடம் பேசினார்கள். 'பாப்பாவுக்குப் பசிக்கிறதோ? நீ என்ன நினைக்கிறாய்?' என்பது போன்ற சாதாரணப் பேச்சு. அந்த வீடுகளில் ஓராண்டுக்குப் பிறகு பார்த்தபோது பிள்ளைகளுக்கு இடையே நட்பு கூடுதலாக இருந்தது. பின்னாளில் மிச்சிகனில் பிரெண்டா வோலிங் 241 குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்தார். பெரும்பாலான மூத்த குழந்தைகள் இந்த மாற்றத்தைப் பெரிய சிக்கலின்றிக் கடந்துவிடுகிறார்கள் என்பது அவருடைய முடிவு. அரியணை இழப்பு என்ற ஆட்லரின் படிமத்தைக் கொஞ்சம் அடக்கித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் பிள்ளையிடம் கற்றுக்கொள்ளும் பெற்றோர்

பெற்றோராக இருப்பது எப்படி என்பதை முதல் பிள்ளையிடம்தான் கற்றுக்கொள்கிறோம். அந்தப் பிள்ளைக்கு நேரம் அதிகம் கிடைக்கிறது. கூடவே நம் பயமும் கண்டிப்பும் அனுபவமின்மையும் முழுதாகக் கிடைக்கின்றன. இரண்டாவது பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது அம்மாவுக்கு முன்பு வந்த காய்ச்சல் நினைவிருக்கிறது.

இது வளரிளம் பருவத்தில் நன்றாக வெளிப்படுகிறது. அமெரிக்காவில் சூசன் மெக்ஹேலும் அவருடைய குழுவினரும் ஒரே குடும்பங்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2003-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே வயதில் வைத்துப் பார்த்தால் பெற்றோருக்கு மூத்த பிள்ளையோடு இருந்ததைவிட இரண்டாவது பிள்ளையோடு சண்டை குறைவு. அந்தப் பிள்ளை எங்கே போகிறது, யாரோடு பழகுகிறது என்பதும் பெற்றோருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மூத்த பிள்ளையோடு பட்டுத் தெரிந்துகொண்டதை இளையவரிடம் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதே குழுவின் இன்னொரு ஆய்வு வேறு ஒரு பக்கத்தையும் காட்டியது. மூத்தவர் வளரிளம் பருவத்தில் நுழைந்து வீட்டில் மோதல் தொடங்கும்போது, இன்னும் சிறுவயதிலேயே இருக்கும் இளையவரோடும் பெற்றோருக்கு உரசல் கூடுகிறது. அக்காவுக்கும் அப்பாவுக்கும் நடக்கும் சண்டையின் சூடு தம்பி மீதும் படுகிறது.

கண்டிப்பிலும் வேறுபாடு உண்டு. பள்ளியில் மதிப்பெண் குறைந்தால் மூத்த பிள்ளைகள் மீதுதான் பெற்றோர் அதிகக் கட்டுப்பாடு விதிக்கிறார்கள் என்பதை ஜோசஃப் ஹாட்ஸ், ஹுவான் பந்தானோ ஆகிய பொருளாதார அறிஞர்கள் 2015-இல் எழுதினார்கள். மூத்தவரிடம் கறாராக இருந்தால் இளையவர்கள் அதைப் பார்த்துத் திருந்திக்கொள்வார்கள் என்ற எண்ணம் இதன் பின்னே இருக்கலாம் என்பது அவர்களுடைய விளக்கம். 'எனக்கு மட்டும் ஏன் இத்தனை சட்டம்?' என்ற மூத்தவர்களின் குறை வெறும் புலம்பல் இல்லை.

எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது

குடும்பத்தின் அளவைப் பற்றிப் பேசும்போது உறவுகளை எண்ணிப் பார்ப்பது உதவும். 1945-இல் சமூகவியலாளர் ஜேம்ஸ் போசார்ட் இந்தக் கணக்கைப் போட்டார். அம்மா, அப்பா, ஒரு குழந்தை என்றால் வீட்டில் மூன்று உறவுகள். இரண்டு குழந்தைகள் என்றால் ஆறு. மூன்று என்றால் பத்து. நான்கு என்றால் பதினைந்து. ஆள் ஒவ்வொருவராகக் கூடும்போது உறவுகள் அதைவிட வேகமாகக் கூடுகின்றன. பத்து உறவுகள் உள்ள வீட்டில் ஒரு பிள்ளையோடு மட்டும் தனித்துப் பேச அம்மாவுக்குக் கிடைக்கும் வாய்ப்பு குறைவுதான்.

பிள்ளைகள் கூடினால் பெற்றோரின் பணமும் நேரமும் சிதறி, ஒவ்வொருவருக்கும் கிடைப்பது நீர்த்துப்போகிறது என்ற கருத்தை ஜூடித் பிளேக் 1989-இல் விரிவாக முன்வைத்தார். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் சராசரியாகக் குறைவாகப் படித்திருப்பதும் பல நாடுகளில் காணப்பட்டது. ஆனால் பெரிய குடும்பம் என்பதே காரணமா?

இதைச் சோதிக்க ஓர் அழகான வழி இருக்கிறது. இன்னும் ஒரு பிள்ளை போதும் என்றிருந்த குடும்பத்துக்கு இரட்டையர் பிறந்துவிட்டால், அவர்கள் எண்ணாமலேயே குடும்பம் ஓர் ஆள் பெரிதாகிறது. 2005-இல் சாண்ட்ரா பிளாக், பால் டெவரூ, கியெல் சல்வானெஸ் ஆகியோர் நார்வே மக்களின் பதிவுகளைக் கொண்டு இப்படிப்பட்ட குடும்பங்களை மற்றக் குடும்பங்களோடு ஒப்பிட்டார்கள். பிறப்பு வரிசையைக் கணக்கில் எடுத்த பிறகு, குடும்பத்தின் அளவால் பிள்ளைகளின் படிப்புக்கு வந்த பாதிப்பு ஏறக்குறைய மறைந்துபோனது. பெரிய குடும்பத்தின் பாதிப்பாகத் தெரிந்ததில் பெரும்பகுதி, அங்கே பின்வரிசைப் பிள்ளைகள் அதிகம் என்பதால் வந்தது. நார்வேயில் கல்விக்கு அரசு பெரிதும் துணை நிற்கிறது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். கட்டணம் கட்டித்தான் படிக்க வைக்க வேண்டும் என்ற நிலையில் கணக்கு வேறாகலாம்.

எல்லாமே பிரிக்கப் பிரிக்கக் குறைவதும் இல்லை. மடியில் உட்காரும் நேரம் பிரிந்துவிடும். அம்மா அப்பா பேசும் மொழியும், வீட்டில் புத்தகம் இருப்பதும், அவர்கள் ஒருவரையொருவர் மதிப்பதும் எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் எல்லோருக்கும் முழுதாகவே கிடைக்கும். பெரிய குடும்பங்களில் மூத்த பிள்ளைகள் பாதிப் பெற்றோராகவே ஆகிவிடுவதும் உண்டு. இளையவர்களுக்கு அதனால் இன்னொரு துணை கிடைக்கிறது. மூத்தவருக்கு, பெரும்பாலும் மூத்த பெண்ணுக்கு, தன் குழந்தைப்பருவத்தின் ஒரு பகுதி அந்த வேலையில் போய்விடுகிறது. பெரிய குடும்பங்களின் கலகலப்பைப் புகழ்கிறவர்கள் இந்தப் பெண்களிடமும் கேட்டுவிட்டுப் புகழ வேண்டும்.

ஒற்றைப் பிள்ளைகளைப் பற்றிய பயம் மட்டும் பெரும்பாலும் ஆதாரமற்றது. டோனி ஃபால்போவும் டெனிஸ் போலிட்டும் 1986-இல் 115 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மற்றவரோடு பழகுவதிலோ குணத்திலோ ஒற்றைப் பிள்ளைகள் குறைந்துபோகவில்லை. பெற்றோரோடு உள்ள உறவில் அவர்கள் மற்றவர்களைவிடச் சற்று மேலாகவே இருந்தார்கள். பெற்றோரின் எதிர்பார்ப்பு முழுவதும் ஒரே தோளில் இறங்குவதும், அவர்களுடைய முதுமையில் பகிர்ந்துகொள்ள ஆளில்லாமல் போவதும்தான் அவர்களுடைய உண்மையான சுமை.

நாம் ஒட்டும் பெயர்கள்

'இவள் படிப்பாளி, அவன் விளையாட்டுப் பிள்ளை' என்று சொல்வது வெறும் பேச்சாக நின்றுவிடுவதில்லை. அலெக்ஸ் ஜென்சனும் மெக்ஹேலும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகளில் யார் படிப்பில் கெட்டி என்று பெற்றோரிடம் கேட்டார்கள். பெரும்பாலோர் மூத்த பிள்ளையைச் சொன்னார்கள். உண்மையில் இருவரின் மதிப்பெண்ணும் சராசரியாக ஒன்றுபோலவே இருந்தது. நாள் போகப் போக, பெற்றோர் யாரைக் கெட்டி என்று நம்பினார்களோ அந்தப் பிள்ளையின் மதிப்பெண்தான் மேலே போனது.

வித்தியாசமாக நடத்துவது எல்லாமே தீங்கு என்றும் சொல்ல முடியாது. மூன்று வயதுக் குழந்தையையும் பதின்மூன்று வயதுப் பிள்ளையையும் ஒரே மாதிரி நடத்த முடியாது. அமாண்டா கோவலும் லாரி கிரேமரும் 1997-இல் பிள்ளைகளிடமே பேசிப் பார்த்தார்கள். பெற்றோர் தங்களை வித்தியாசமாக நடத்துவதைப் பிள்ளைகள் நன்றாகவே கவனித்திருந்தார்கள். ஆனால் பெரும்பாலான சமயங்களில் அதை அநியாயமாகக் கருதவில்லை. வயது வேறு, தேவை வேறு என்ற காரணம் புரிந்தால் அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆகவே 'அவன் சின்னவன், விட்டுக்கொடு' என்று முடித்துவிடாமல், ஏன் இன்று அவனுக்கு இது, உனக்கு அது என்று இரண்டு வாக்கியமாவது சொல்வது வீண்போகாது. வாரத்தில் ஒருமுறை நடுப்பிள்ளையை மட்டும் தனியாக வெளியே அழைத்துப்போவதும் அப்படித்தான். மேலே போட்ட கணக்கில் அதற்கு விடுபட்டுப்போனது அந்தத் தனிமைதான்.

இந்த உறவு பிள்ளைகள் வளர்ந்த பிறகும் முடிவதில்லை. ஜில் சூட்டரும் கார்ல் பில்லமரும் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் 65 முதல் 75 வயதுவரையுள்ள தாய்மார்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோரிடம் பேசினார்கள். எந்தப் பிள்ளை மனத்துக்கு மிக நெருக்கம் என்று கேட்டபோது கடைசிப் பிள்ளையின் பெயர் அதிகம் வந்தது. ஒரு கஷ்டம் என்றால் யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்டபோது மூத்த பிள்ளையின் பெயர் அதிகம் வந்தது. ஆனால் வரிசையைவிட வலுவாக நின்ற காரணம் வேறு: வாழ்க்கையில் எது முக்கியம் என்பதில் தன்னோடு ஒத்த எண்ணமுள்ள பிள்ளையிடம்தான் தாய் அதிக நெருக்கமாக உணர்ந்தார். அம்மா யார் பெயரைச் சொல்லியிருப்பார் என்று வளர்ந்த பிள்ளைகளிடமும் கேட்டார்கள். அவரவர் வீட்டில் ஆயுள் முழுக்கப் பார்த்திருந்தும் பலர் தவறாகச் சொன்னார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து அதே தாய்மார்களிடம் திரும்பக் கேட்டபோது பெரும்பாலோர் அதே பிள்ளையின் பெயரைத்தான் மீண்டும் சொன்னார்கள்.